வங்கக் கடலில் அடைபட்ட வாசல்

1971ஆம் ஆண்டு இந்திய – பாகிஸ்தான் யுத்தம் என்றதும், டிசம்பர் 16ஆம் திகதி டாக்காவில் ஜெனரல் நியாசி சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்ட காட்சியே பலருக்கும் நினைவில் எழும். அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர் வங்கக் கடலில் நிகழ்ந்தவை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பாகிஸ்தானின் இரு பகுதிகளுக்கும் இடையே இந்தியா கிடந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் இந்திய வான்பரப்பு மூடப்பட்டதும், பாகிஸ்தானிய விமானங்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு சுற்றிச் சென்றன. அந்த உயிர்நாடியின் ஒரு முடிச்சாக நமது தீவும் இருந்தது. எனினும் ஒரு பெரும் படையைத் தாங்கும் பாரமான பொருட்கள் கடல்வழியே சிட்டகொங் துறைமுகத்துக்கே வந்தாக வேண்டும்.

அவ்வழியை அடைக்க இந்தியாவிடம் இருந்தது 'விக்ராந்த்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல். 1965 யுத்தத்தின்போது அது பழுதுபார்ப்பில் முடங்கிக் கிடந்தது. 1971இலும் அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் வெடிப்பு இருந்தது. வேகம் குறைந்த அக்கப்பலைப் போரில் இறக்குவதா என்ற தயக்கம் எழுந்தது இயல்பே.

அதனை மூழ்கடிக்கவென 'காஸி' நீர்மூழ்கிக் கப்பல் நவம்பர் 14ஆம் திகதி கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றி வங்கக் கடலினுள் நுழைந்தது. விக்ராந்தோ அந்தமானில் மறைந்திருந்தது. பழைய நாசகாரிக் கப்பலான 'ராஜ்புத்', விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நின்று, தானே விக்ராந்த் என்பதுபோல் வானொலிச் செய்திகளை அனுப்பியது. டிசம்பர் 3ஆம் திகதி நள்ளிரவையொட்டி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளுடன் காஸி அங்கு மூழ்கியது. தாமே மூழ்கடித்ததாக இந்தியா கூறியது. விபத்து என்றது பாகிஸ்தான்.

மறுநாள் விக்ராந்தின் 'சீ ஹோக்' விமானங்கள் கொக்ஸ் பசாரையும் சிட்டகொங்கையும் தாக்கின. அடுத்து வந்த நாட்களில் குல்னா, மொங்லா பகுதிகளும் தாக்கப்பட்டன. அதேவேளை இந்திய விமானப்படை டாக்காவின் தேஜ்கான் ஓடுபாதையைச் சிதைத்து, அங்கிருந்த போர் விமானங்களைத் தரையிலேயே முடக்கியது.

வானமும் கடலும் அடைபட்ட பின்னர், வங்காள மக்கள் மீது ஒன்பது மாதங்களாகக் கொடுமை புரிந்த அந்தப் படைக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. டாக்கா வீதி வீதியாகப் போர்க்களமாகாமல் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். நியாசியின் கையொப்பத்துக்கான மை, ஒரு வகையில், டிசம்பர் 4ஆம் திகதியே கடலில் கரைக்கப்பட்டுவிட்டது.