மார்த்தாண்டம் தேன் பிறந்த கதை

குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலையிலிருந்து வருகிறது. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர்விடும். ஒரு காம்புக்கு மூன்று இலை. அந்த மூன்றும் கூடுகிற கணுவில் கண்ணுக்குத் தெரியும் அளவில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். தளிர் முற்றிப் பச்சையாகிற வரைக்கும் அவற்றில் இனிப்பு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை அந்தத் தோட்டங்களுக்குள் போனால் தலைக்கு மேலே தேனீக்களின் இரைச்சல் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் ஒரு பூகூடத் தென்படாது.

ரப்பரும் தேனீயும் சேர்ந்தால் தேன் வரும், சரிதான். ஆனால் தேனுக்கு ஓர் ஊரின் பெயர் வருவதற்கு அது போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் நெடுக ரப்பர் இருக்கிறது, தேனீயும் இருக்கிறது. மார்த்தாண்டம் என்ற பெயர் மட்டும் தேனோடு ஒட்டிக்கொண்டது ஏன்? கூலி வாங்காமல் அடுத்தவன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் அங்கே நூறு ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்பதுதான் என் பதில்.

அதற்கு முன்னால் தேன் எடுப்பது என்றால் கூட்டை அழிப்பது என்றுதான் பொருள். மரப்பொந்திலோ கல்லிடுக்கிலோ கூடு இருப்பதைக் கண்டுபிடித்து, புகை போட்டோ தீப்பந்தம் காட்டியோ ஈக்களை விரட்டி, அடையை அறுத்துக் கையால் பிழிவார்கள். முட்டை, புழு, மகரந்தம், மெழுகு எல்லாம் அந்தத் தேனில் கலந்திருக்கும். சீக்கிரமே புளித்துப்போகும். கூடும் அதோடு முடிந்தது.

கூட்டை அழிக்காமல் தேன் எடுக்க வழி பிறந்தது அமெரிக்காவில். லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851-இல் ஒன்றைக் கவனித்தார். கூட்டுக்குள் ஏறக்குறைய 3/8 அங்குல இடைவெளி விட்டால் தேனீ அதை நடைபாதையாக வைத்துக்கொள்கிறது. அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும். கூடினால் அங்கே அடை கட்டிவிடும். அந்த இடைவெளியைக் கணக்கிட்டு மரச்சட்டங்களைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு சட்டத்தையும் அடையோடு தனியாக வெளியே எடுக்கலாம், பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். இன்று உலகம் முழுக்க இருக்கும் தேனீப் பெட்டிக்கு மூலம் அதுதான்.

ஆனால் அது ஐரோப்பியத் தேனீக்குச் செய்த பெட்டி. நம்முடைய அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது, கூட்டத்திலும் எண்ணிக்கை குறைவு. அவ்வளவு பெரிய பெட்டியை அதனால் நிரப்ப முடியாது. திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம் தேனீயைக் கவனித்து அதன் அளவுக்கு ஏற்றபடி சிறிய பெட்டியை வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்கள் பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். ‘நியூட்டன் பெட்டி’ என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1917-இல் திருவிதாங்கூரில் தேனீ வளர்ப்பு தொடங்கியது. மார்த்தாண்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர்.

பெட்டி வந்துவிட்டது. ஆனால் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனால் தேன் வந்துவிடாது. அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் நம் நாட்டில் எத்தனையோ இடங்களில் தேனீப் பெட்டி கொடுத்திருக்கின்றன. அடுத்த மழைக்காலத்துக்குள் ஈ ஓடிப்போய், பெட்டி கோழிக்கூண்டாகிவிடும். மார்த்தாண்டத்தில் அப்படி ஆகவில்லை.

அதற்கு அடித்தளம் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் கிராமப் பணி. அந்தப் பணிக்கு வித்திட்டவர் சேலத்தில் பிறந்த கே.டி. பால். 1916-இல் அந்த இயக்கத்தின் தேசியப் பொதுச்செயலாளரான முதல் இந்தியர் அவர். நகரத்து இளைஞர்களுக்கான இயக்கமாக இருந்ததைக் கிராமத்துப் பக்கம் திருப்பியவர். அந்த வழியில்தான் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒரு கிராமச் சீரமைப்பு மையம் உருவானது. ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கரும் அவர் மனைவி எமிலியும் அதை நடத்தினார்கள். கோழி, பனைவெல்லம், நெசவு, தேனீ என்று குடிசையோடு சேர்ந்த தொழில்களை எடுத்துக்கொண்டார்கள். முட்டைகளைச் சேர்த்து ஒன்றாக விற்பதற்குக்கூடச் சங்கம் இருந்தது.

ஹேட்ச் தன் அனுபவத்தை 1932-இல் புத்தகமாக எழுதினார். அவர் பிடிவாதமாக நின்ற கொள்கை ஒன்றுதான்: வேலையை ஊர்க்காரர் தாமே செய்ய வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஆலோசனை சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பணம் கொட்டினால் பணம் நின்ற அன்றே வேலையும் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் கிராமங்களில் சம்பளமில்லாமல் பொறுப்பேற்கிற உள்ளூர் ஆட்களை நம்பித்தான் மையம் நடந்தது. அந்த ஆட்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஹேட்சின் பெயர் நிலைத்தது, அவர்களுடைய பெயர்கள் நிலைக்கவில்லை. இதை நான் ஒரு குறையாகவே பார்க்கிறேன்.

மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் பலருக்கு நிலம் சென்ட் கணக்கில்தான் இருந்தது. மாடு வளர்க்கப் புல் வேண்டும், பயிர் செய்ய இடம் வேண்டும். தேனீக்கு இரண்டும் வேண்டாம். தென்னை நிழலில், வீட்டுக்குப் பின்னால், ஒரு காலூன்றி நிற்கும் பலகை போதும். ஊரான் தோட்டத்து இனிப்பு நம் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும். நிலமில்லாதவனுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் அன்று வேறில்லை.

1937-இல் மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தக் கதையின் நடுநாயகம் அதுதான்.

தேனீ வளர்ப்பில் ஏன் எல்லா நாட்டிலும் சங்கம் உருவாகிறது? 1874-இல் இங்கிலாந்தில் தேனீ வளர்ப்போர் சங்கம் அமைத்தபோதும் ஏழைக் குடியானவர்களின் வாழ்வை மேம்படுத்துவதுதான் நோக்கம் என்று சொன்னார்கள். அந்நாட்டின் மாவட்டச் சங்கங்களை இன்றுவரை தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். காரணம் தேனீயின் இயல்பிலேயே இருக்கிறது. என் பெட்டியில் பிறந்த இளம் ராணி வானத்தில் பறந்துதான் இணை சேரும். அங்கே அதற்காகக் காத்திருக்கிற ஆண் தேனீக்கள் பல வீட்டுப் பெட்டிகளிலிருந்து வந்தவை. ஆக, என் கூட்டின் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன் பக்கத்து வீட்டுக்காரன் பெட்டியில் இருக்கிறான். அவன் வைத்திருப்பது சோம்பேறிக் கூட்டமானால் என் கூட்டமும் மெல்ல அப்படி ஆகும். அவன் பெட்டியில் நோய் வந்தால் பத்து நாளில் என் பெட்டிக்கும் வரலாம். என் கூட்டம் பிரிந்து பறந்தால் அவன் முருங்கையில் போய் உட்காரும். வேலி போட்டுத் தடுக்க முடியாத சொத்து இது. பக்கத்தில் இருப்பவனுக்குத் தொழில் தெரியாவிட்டால் எனக்கும் நட்டம். எனவே சொல்லிக்கொடுப்பது தருமமும்தான், தற்காப்பும்தான்.

சொல்லிக்கொடுப்பது எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாகப் பெட்டி வாங்கியவர் சாயங்காலம் கூப்பிடுவார்: “அண்ணே, ஈ எல்லாம் வாசல்ல கொத்தாத் தொங்குது, என்ன செய்ய?” மூத்தவர் தன் வேலையை விட்டுவிட்டு வருவார். பெட்டி வாசலுக்கு நேரே நிற்காதே, ஈ வரும் வழியை மறைத்தால் கொட்டும் என்பார். தேங்காய்ச் சவுரியில் தீ வைத்து இரண்டு இழுப்புப் புகை கொடுப்பார். சட்டத்தை நேர்குத்தாகத் தூக்குவார். சாய்த்தால் இளம் அடை கனம் தாங்காமல் முறிந்து விழும். பிறகு வெளிச்சத்தைத் தோளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கண்ணறைகளுக்குள் பார்க்கச் சொல்வார். ராணியைத் தேடாதே, முட்டையைத் தேடு என்பார். அறையின் அடியில் நெட்டுக்குத்தலாக நிற்கும் முட்டை இன்று இட்டது. சாய்ந்திருந்தால் நேற்று. படுத்திருந்தால் அதற்கும் முந்தின நாள். நிற்கிற முட்டையைப் பார்த்துவிட்டால் ராணி உயிரோடு இருக்கிறாள், வேலை நடக்கிறது, பெட்டியை மூடலாம். அடையின் அடி ஓரத்தில் நிலக்கடலைத் தோடு போல ஓர் அறை தொங்கினால் அது ராணி அறை, கூட்டம் பிரியப்போகிறது. அதற்கு முன்னால் நாமே பிரித்து இன்னொரு பெட்டியில் வைத்துவிட்டால் ஒன்று இரண்டாகும். இப்படி அருகில் நின்று கற்றுக்கொண்டவர் அடுத்த ஆண்டு இன்னொருவர் வீட்டுக்குப் போவார்.

மழைக்காலத்தில்தான் இந்த உறவின் அருமை தெரியும். ஜூனுக்குப் பிறகு வெளியில் தேன்வரத்து இருக்காது. சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். ஸ்டாண்டின் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்காவிட்டால் எறும்பு ஏறும். காலி அடைகளை விட்டுவைத்தால் மெழுகுப் பூச்சி வலை கட்டிவிடும். சலித்துப்போய்ப் பெட்டியைக் கைவிடுவது இந்த மாதங்களில்தான். ‘மாசி வரட்டும், பொறு’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சங்கம் இதற்கு ஒரு கட்டமைப்பைக் கொடுத்தது. ரப்பர்த் தேனில் ஈரப்பதம் அதிகம், அப்படியே வைத்தால் புளிக்கும். தனி ஆள் நாலு பாட்டிலைச் சந்தையில் வைத்து விற்றால் வியாபாரி வைத்ததுதான் விலை. உறுப்பினர்களின் தேனை ஓரிடத்தில் வாங்கி, சோதித்து, பதப்படுத்தி, ஒரே பெயரில் விற்றபோதுதான் அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு வந்தது. 1956 நவம்பரில் குமரி தமிழகத்தோடு சேர்ந்தது. சமஸ்தானம் போனது, மாநிலம் மாறியது, சங்கம் இருந்தது.

அதற்குப் பெரிய சோதனை 1991-இல் வந்தது. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்பே செத்துவிடும். தோலுக்குள் நீர் கோத்து ஒரு பை மாதிரி ஆகிவிடும், தலை மட்டும் படகின் முனை போலத் தூக்கி நிற்கும். இதற்கு மருந்து கிடையாது. தென்னிந்தியாவில் வளர்ப்பில் இருந்த அடுக்குத் தேனீக் கூடுகளில் பத்தில் ஒன்பது அழிந்தன. பெட்டிகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கூலி வேலைக்குப் போயின. தேனீ வளர்ப்பு இதோடு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. தப்பிய ஒன்றிரண்டு கூடுகள் அங்கங்கே இருந்தன. நோயைத் தாங்கி நின்ற அந்தக் கூடுகளிலிருந்து ராணிகளை எடுத்து, பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். எந்தக் கூடு தாங்கியது, எது தாங்கவில்லை என்ற தகவல் கைமாறினால்தான் இது நடக்கும். தன்னிடம் தப்பிய கூட்டை ஒருவர் பூட்டி வைத்துக்கொண்டால் நடக்காது. ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒருவர் பெட்டியை இன்னொருவர் திறந்து பார்த்துப் பழகிய ஊராக இருந்ததால்தான் மார்த்தாண்டத்துக்குத் தேன் திரும்பி வந்தது என்று உறுதியாகச் சொல்வேன். சங்கக் கட்டடத்தைவிட, பதப்படுத்தும் இயந்திரத்தைவிட, அந்தப் பழக்கம்தான் பெரிய முதல்.

2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் குறியீடு கிடைத்ததும் ஊரில் பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை தானாக வந்துவிடாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளர்தான் தன் பாட்டிலில் அந்தக் குறியீட்டைப் போட முடியும். அப்படிப் பதிவு செய்யாதவருடைய தேன், தரத்தில் குறைவில்லை என்றாலும், வெறும் தேனாகத்தான் விற்கும்.

எனவே குமரி மாவட்டத்தில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து பெட்டி வைத்திருந்தாலும் பதிவு செய்துகொள்ளுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.