கைக்கு எட்டாத பிளக்கு

பிரித்தானிய றூட்ஸ் நிறுவனத்தின் சன்பீம் அல்பைன் பார்வைக்கு அழகிய ஸ்போர்ட்ஸ் கார். வேகந்தான் போதாது. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினை நீக்கி, போர்ட் நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தலாமோ என, றூட்சின் அமெரிக்க முகாமையாளர் இயன் கறாட் 1963இல் பந்தய வீரர் கறோல் ஷெல்பியிடம் வினவினார். எட்டு வாரமும் 10,000 டொலரும் வேண்டுமென்றார் ஷெல்பி. 1964இல் சன்பீம் ரைகர் பிறந்தது.

நாலேகால் லீற்றர் எஞ்சின் அச்சிறு வண்டியுள் எளிதில் அடங்குமா? எஞ்சினுக்கும் ஆசனப் பகுதிக்கும் இடையேயுள்ள தடுப்புத் தகட்டை, வர்ணம் பூசிய பின்னரும், ஜென்சன் தொழிற்சாலையார் சம்மட்டியால் அடித்து நெளித்தே இடம் பண்ணினர்! எஞ்சின் ஒருவாறு புகுந்தது. இடப்பக்கத்துத் தீப்பொறிப் பிளக்குகளுள் ஒன்றோ கைக்கு எட்டாது போயிற்று. ஆகவே அத்தகட்டில் துவாரமிட்டு, இறப்பர் அடைப்பானால் மூடிவைத்தனர். பிளக்கு மாற்றுவோன் வண்டிக்குள்ளே புகுந்து, குனிந்து, அடைப்பானைக் கழற்றி, சாவியை அத்துவாரத்தினூடே செலுத்தவேண்டும். நகைப்புக்குரிய ஏற்பாடுதான், ஆயினும், ஒரு பிளக்குக்காக எஞ்சினையே இறக்குவதிலும் இது மேல்.

பின்னர் றூட்ஸ் கிறைஸ்லரின் கைக்கு மாறியது. போட்டியாளரின் எஞ்சினைத் தாங்கிய வண்டியை விற்பதில் கிறைஸ்லருக்கு நாட்டமில்லை. தன் எஞ்சினை வைக்கலாமென்றால், பிளக்குகளுக்கு மின்னைப் பங்கிடும் டிஸ்றிபியூட்டர் அதன் பின்புறத்தில் இருந்தது. அங்குதான் விரல் நுழையவும் இடமில்லையே! ஏறத்தாழ 7,000 வண்டிகளுடன் 1967இல் ரைகரின் உற்பத்தி நின்றது.