ஏட்டில் ஒரு மொழி, எந்திரத்தில் ஒரு மொழி

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூனின் பக்தாதில் சிறந்து விளங்கிய பேரறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ. அவருடைய பெயரே இலத்தீனில் திரிந்து ‘அல்காரிதம்’ ஆயிற்று என்பதை நம்மில் பலர் அறிவோம். ‘அல்கோல்’ என்னும் கணிப்பொறி மொழியின் பெயர் அச்சொல்லிலிருந்து பிறந்ததாகும். ஒரு மொழியின் இலக்கணம் வேறு, அதை எந்திரத்தில் இயங்க வைக்கும் செயலாக்கம் வேறு என்பதைத் தெளிவாக உணர்த்துவதும் அம்மொழியின் வரலாறேயாம்.

மனிதர் பேசும் மொழிகளில் வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது. கணிப்பொறி மொழிகளிலும் தொடக்கத்தில் அவ்வாறே நிகழ்ந்தது. ஐ.பி.எம். 704 எந்திரத்துக்காக ஜான் பேக்கஸ் குழுவினர் 1957இல் ‘ஃபோர்ட்ரான்’ மொழியை வெளியிட்டனர். அதற்குக் கையேடு உண்டு. எனினும் ஐயம் எழுந்தபோது தீர்ப்புச் சொன்னது எந்திரமே. கம்பைலர் எனப்படும் மொழிமாற்றி ஏற்றதெல்லாம் மொழி, தள்ளியதெல்லாம் பிழை. மொழிமாற்றியே பிழை செய்தால், அதைப் பிழையென்று காட்ட அளவுகோல் ஏது? பிற எந்திரங்களுக்கு ஃபோர்ட்ரான் பரவியபோது கிளைமொழிகள் பெருகின. 1966இல்தான் அமெரிக்காவில் அதற்குப் பொதுவான தரம் வகுக்கப்பட்டது.

அல்கோல் இந்த வரிசையை மாற்றியது. 1960 ஜனவரியில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த 13 அறிஞர்கள் பாரிஸில் கூடினர். டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நவுர் தொகுத்த அறிக்கை அவ்வாண்டே வெளிவந்தது. எந்த எந்திரத்தையும் சாராத, இருபது பக்கங்களுக்கும் குறைந்த அந்த ஏடுதான் ‘அல்கோல் 60’. அதே ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் டைக்ஸ்ட்ராவும் ஸோனவெல்டும் எக்ஸ்1 என்னும் எந்திரத்தில் அம்மொழியை இயங்கச் செய்தனர்.

ஏடு ஒன்றாயினும் செயலாக்கங்கள் ஒன்றாகவில்லை. எண்களை உள்வாங்கவும் விடையை அச்சிடவும் அறிக்கையில் விதியில்லை; ஆகவே அவரவர் தத்தம் வழியை அமைத்துக்கொண்டனர். ஒரு செயல்முறை தன்னைத்தானே அழைக்கலாம் என ஏடு இடமளித்தது; சில மொழிமாற்றிகள் அதைக் கடினமெனக் கைவிட்டன. முன்னது ஏட்டின் குறை. பின்னது எந்திரத்தின் குறை. ஏடு தனியே இருந்தமையால்தான் இவ்விரண்டையும் பிரித்தறிய முடிந்தது. ஏட்டில் கண்ட சில குறைகளும் 1963இல் வெளியான திருத்திய அறிக்கையில் களையப்பட்டன.

1964இல் டொனால்ட் கனூத், மொழிமாற்றிகளைச் சோதிக்கச் சிறியதொரு நிரலை வெளியிட்டார். கையால் கணக்கிட்டு அவர் ஊகித்த விடை −121. ஏட்டின் விதிப்படி உண்மை விடையோ −67. சோதனை வகுத்த அறிஞரானாலும், விரைந்தோடும் எந்திரமானாலும் ஏட்டின் முன் சமமே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

1979இல் அதே கனூத்தும் ரஷ்ய அறிஞர் எர்ஷோவும் குவாரிஸம் பகுதியிலுள்ள ஊர்கெஞ்ச் நகரில் அல்காரிதம் பற்றிய மாநாடு ஒன்றைக் கூட்டினர். அல்-குவாரிஸ்மீக்கு அது தக்க மரியாதை. ஆனால் இந்திய எண்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் அரபு மூலம் இன்று இல்லை. இலத்தீன் வடிவங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் எது ஆசிரியர் சொல், எது பெயர்த்தவர் சொல் என ஒப்புநோக்க வழியில்லை. அவர் கற்பித்த கணக்குமுறை உலகெங்கும் வாழ்கிறது. கற்பித்த ஏடு மறைந்துவிட்டது.

நடைமுறை வழுவும்போது திருத்துவதற்கு மூலம் வேண்டும். மூலத்தைப் பேணுவதன் அருமையை நம் சமுதாயத்துக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எந்திரங்களை ஆக்குவோரும் அதே பாடத்தைத் தம் வழியில் கற்றனர் என்பதே நாம் இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது.