திருமந்திர நகரும் தாமிரபரணித் தீர்த்தமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் சிறந்து விளங்கும் ஊரே புண்ணிய க்ஷேத்திரம் என்பது ஆன்றோர் கொள்கை. இம்மூன்றனுள் தீர்த்தம் இறுதியாக வைத்து எண்ணப்படினும், அஃது இன்றேல் மற்றை இரண்டற்கும் சிறப்பில்லை. நாள்தோறும் நிகழும் திருமஞ்சனத்திற்கு நீர் வேண்டும். யாகசாலையில் இறைவனை ஆவாகனம் செய்யும் கலசத்திற்கு நீர் வேண்டும். கும்பாபிஷேகம் என்னும் பெருவிழாவே நீரால் நிறைவுறுவது. தரிசனத்திற்கு வரும் அடியார் நாவறண்டு நிற்பின் அவர் வழிபாடும் நிறைவுறாது. ஆதலின் ஓர் ஊர் தன் மக்களுக்குக் குடிநீர் தேடிய வரலாறு, அவ்வூர்க் கோயிலின் வரலாற்றுக்குப் புறம்பானதன்று.

சங்கர ராமேஸ்வரரும் பாகம்பிரியாள் அம்மையும் எழுந்தருளியிருக்கும் தூத்துக்குடிக்குத் திருமந்திர நகர் என்பது பழம்பெயர். இறைவன் உமையம்மைக்கு மந்திர உபதேசம் செய்தருளிய தலமாதலின் இப்பெயர் எய்திற்று என்பர். தூத்துக்குடி என்னும் பெயருக்கோ பலவாறு பொருள் கூறுவர். கடலைத் தூர்த்துக் குடியேறிய ஊர் என்பது ஒரு சாரார் கூற்று. மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுத்துக் குடித்தமையால் வந்த பெயர் என்பாரும் உளர். இவற்றுள் எது பொருந்துவதாயினும், நன்னீருக்காக இம்மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்த்த தலைமுறைகளின் நினைவு இரண்டாவது விளக்கத்தில் உறைந்து கிடக்கிறது.

முத்தும் உப்பும்

பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கை முத்தினால் புகழ் பெற்றது. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்கவே, வாணிகம் பழைய காயலுக்கும் பின்னர்த் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. போர்த்துக்கீசியர் வந்தனர், 1658-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இவ்வூரைக் கைக்கொண்டனர், 1825-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில் குளிகாரரும் வணிகரும் திரண்டு, வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பும். அத்துணை பேருக்கும் வேண்டிய முதற்பொருள் குடிநீரே. இக்கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

இக்கரையில் மழை குறைவு, வெயில் மிகுதி. அதனாலன்றோ உப்பளங்கள் செழிக்கின்றன! உப்பு விளைவிப்பார்க்கு வரமாகிய அவ்வெயிலே குடிநீர் நாடுவார்க்குச் சோதனையாயிற்று. எனினும் கடலருகில் நன்னீர் அறவே இல்லாமற் போகவில்லை. மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரினும் எடை குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கும். அளவறிந்து இறைத்தால் இனிய நீர் கிடைக்கும். பேராசையோடு இறைத்தால் உப்புநீர் மேலேறி ஊற்றையே கெடுத்துவிடும்.

இந்த அற்புதத்தை நம் முன்னோர் தெய்வ அருளாகக் கண்டு போற்றினர். திருச்செந்தூரில் அலைவாய்க்கு அருகே, பெரியதொரு கிணற்றினுள் சிறியதாய் அமைந்த நாழிக்கிணறு, தம் படைவீரர் தாகம் தணிக்க முருகப்பெருமான் வேலால் தோற்றுவித்தது என்பது ஐதிகம். செம்மணல் தேரியின் பக்கத்தே மேலப்புதுக்குடியில் கோயில் கொண்ட ஐயனாருக்கு அருஞ்சுனை காத்த ஐயனார் என்றே திருநாமம். சுனையைக் காப்பது தெய்வத்தின் தொழில் எனின், அதை மாசுபடுத்துதல் தெய்வக் குற்றமாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

வல்லநாட்டிலிருந்து வந்த நீர்

1866-இல் தூத்துக்குடி நகரசபை ஏற்பட்டது. பின்னர் இரயில் பாதை வந்தது, ஆலைகள் தோன்றின, கொழும்புக்குக் கப்பல் ஏறுவோர் கூட்டம் பெருகிற்று. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இத்துறைமுகத்தில்தான். பன்னாட்டுப் பொருளும் வந்து குவிந்த பட்டினத்தில் ஒரு குடம் நன்னீர் மட்டும் அரிதாயிருந்தது. பஞ்சம் மிகுந்த வேளைகளில் இரயில் வண்டியிலும் தண்ணீர் ஏற்றிக் கொணர வேண்டியதாயிற்று.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள். 1869-இல் பிறந்த இப்பெரியார் நகரசபைத் தலைவராகப் பன்முறை பணியாற்றினார். மேற்கே வல்லநாட்டில் ஓடும் தாமிரபரணியிலிருந்து ஊருக்குக் குழாய் வழியே நீர் கொணர்வதே அவர் மேற்கொண்ட பெரும்பணி. செல்வர் வீட்டிலும் ஏழையர் குடிசையிலும் ஒரே ஆற்றின் நீர் நிறைந்தது. 1930-இல் அவர் மறைந்தார். அவர் கிறிஸ்தவ சமயத்தவர். ஆயினும் அவர் கொணர்ந்த நீர் எச்சமயத்தார் வீடென்று பாராது பாய்ந்தது. நகரின் தந்தை என்று ஊரார் அவரை இன்றும் போற்றுவது இதனாலேயாம்.

குறுமுனிவர் அருளால் பொதிகையில் பிறந்ததாகப் புராணம் புகலும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலிற் கலக்கிறது. இடையே எட்டு அணைக்கட்டுகள். அவற்றுள் கடையதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை 1873-இல் முற்றுப்பெற்றது. அதன் வடகால் பல குளங்களை நிரப்பித் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள கோரம்பள்ளம் குளம் வரை செல்கிறது. ஆற்று நீர் உழவருக்கும் வேண்டும்; ஆலைகளுக்கும் வேண்டும்; கடைமடையிலுள்ள நகரத்தார்க்கும் வேண்டும். மேலே இருப்பவர் அளவோடு எடுத்தாலன்றிக் கீழே இருப்பவர்க்கு எட்டாது.

ஆற்றிலிருந்து ஏற்றப்படும் நீர் தூய்மை செய்யப்பெற்று, பெருங்குழாய்களில் ஊரை அடைந்து, மேல்நிலைத் தொட்டிகளில் ஏறி, அங்கிருந்து தன் எடையாலேயே தெருத்தெருவாக இறங்கி வீடுகளைச் சேர்கிறது. 1974-இல் பெருந்துறைமுகமாகி, 2008-இல் மாநகராட்சியாக உயர்ந்த இவ்வூரில், 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாநகர எல்லைக்குள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். பழைய குழாய்கள் போதாமற் போகவே, ஒன்றன்பின் ஒன்றாகப் புதியன இடப்பெற்றன. நான்காம் குழாய்த் திட்டம் வல்லநாட்டுக்கு அருகிலுள்ள கலியாவூரிலிருந்து அமைந்தது.

வெள்ளம் கற்பித்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இம்மாவட்டத்தில் வரலாறு காணாத மழை பொழிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது, நகரமே நீரில் மிதந்தது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் வெள்ளமாயிருக்க, குழாயில் குடிநீர் இல்லாது மக்கள் தவித்தனர். நீர் மிகுதியாக இருப்பது வேறு. அதனை நெறிப்படுத்திக் காத்து வழங்குவது வேறு என்னும் உண்மை அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

இவ்வுண்மையைச் சங்கப் புலவராகிய குடபுலவியனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு முன்னரே எடுத்துரைத்தார். அவர் பாடல் புறநானூற்றில் உள்ளது. நிலம் தாழ்ந்த இடங்களில் நீரைத் தேக்கி வைத்த மன்னன் புகழே நிலைக்கும் என்பது அதன் கருத்து. போரில் வென்ற வேந்தனுக்கே இவ்வறிவுரை தேவைப்பட்டதெனின், பிறர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

கோயிலுக்குக் கோபுரம் எழுப்பிய கைகளே தெப்பக்குளமும் தோண்டின. வழிநடைப் பயணிகளுக்குத் தண்ணீர்ப் பந்தலும் வைத்தன. இத்தருமங்கள் ஒன்றின் கிளை மற்றொன்று. கலசத்திற்குப் பொன் ஈந்த அன்பர்கள், திருக்குளத்தின் வரத்துக்காலைத் தூர்வாரவும், கோடையில் பந்தலிட்டு நீர் வழங்கவும் ஒரு பங்கு ஒதுக்குவராயின் அதுவும் திருப்பணியே. பொருள் இல்லாதாரும் இத்தருமத்தில் பங்கு பெறலாம்: தம் வீட்டுக் குழாயை வீணே ஒழுகவிடாமையும், ஆற்றில் குப்பையும் பழந்துணியும் எறியாமையும் பொற்காசு வேண்டாத கைங்கரியங்கள்.

சங்கர ராமேஸ்வரர் திருமுடியில் பொழியும் நீரும், ஏழைத் தாயின் குடத்தில் நிறையும் நீரும் பொதிகை தந்த ஒரே நீர். அந்நீர் வற்றாது பெருகவும், அதனைப் பகிர்ந்துண்ணும் நல்லறிவு எல்லார்க்கும் வாய்க்கவும் பாகம்பிரியாள் அம்மையின் திருவருள் துணை புரிவதாக.