மதுரை – போடிநாயக்கனூர் ரயில் பாதை

மதுரை – போடிநாயக்கனூர் ரயில் பாதை, தேனி மாவட்டத்தின் வழியாகச் செல்லும் ஒரே ரயில் பாதையாகும். மதுரையில் தொடங்கி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி ஆகிய ஊர்களின் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூரில் (போடி) முடிகிறது. நீளம் சுமார் 90 கி.மீ. நூறாண்டு நிறைவதற்குள் இப்பாதை இருமுறை முற்றிலும் இல்லாமற்போய், இருமுறை மீண்டும் அமைக்கப்பட்டது.

தொடக்கம்

ரயில் வருவதற்கு முன்பே போடி மலைச்சரக்குகள் இறங்கும் சந்தையாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே மூலம் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, மாட்டுவண்டிகளில் போடிக்கு வந்தது. ஏலக்காயும் மலைப்பாதைகள் வழியாக இங்கேயே வந்து சேர்ந்தது. இத்தகைய வணிகம் நடந்த ஊருக்கு 1928இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர்கேஜ் பாதையைத் திறந்தது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் பல கிளைப்பாதைகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தண்டவாளங்கள் போர்த் தேவைக்கு அனுப்பப்பட்டன. 1942இல் போடிப் பாதைக்கும் இந்நிலை ஏற்பட்டது. விடுதலைக்குப் பின், 1950களில்தான் பாதை மீண்டும் போடப்பட்டது.

அகலப்பாதை

மதுரையைச் சுற்றியிருந்த பாதைகள் ஒவ்வொன்றாக அகலப்பாதையானதும் போடிப் பாதை தனித்துப்போனது. மீட்டர்கேஜ் பெட்டிகள் மதுரைக்கு அப்பால் செல்ல முடியவில்லை. பயணிகள் அங்கே வண்டி மாற வேண்டியிருந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 டிசம்பர் இறுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஆண்டிபட்டிக் கணவாய் உட்படப் பணிகள் மெதுவாகவே நகர்ந்தன. மேம்பாட்டுக்காக மூடப்பட்ட பாதை, போர்க்காலத்தைப் போலவே மாவட்டத்தை ஆண்டுக்கணக்கில் ரயில் இன்றி வைத்தது. மாணவர்களும் மதுரை மருத்துவமனைகளுக்குச் செல்வோரும் பேருந்துகளையே நம்பியிருந்தனர்.

மதுரை – தேனி ரயில் சேவை 2022 மே 26 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. எஞ்சிய 15 கி.மீ. முடிந்து, 2023 ஜூன் 15இல் போடிக்கும் ரயில் வந்தது. அன்றே சென்னை சென்ட்ரல் – போடி விரைவு ரயிலும் தொடங்கப்பட்டது; இது வாரத்தில் மூன்று நாட்கள் இயக்கப்பட்டது.

இன்றைய நிலை

போடி இன்றும் முக்கியமான ஏலக்காய் ஏல மையம். ஆனால் அந்தச் சரக்கு இப்போது பெரும்பாலும் லாரிகளில் செல்கிறது. சரக்குச் சந்தையைத் தேடி வந்த பாதை, இன்று பயணிகளால் வாழ்கிறது. திண்டுக்கல்லிலிருந்து குமுளி நோக்கிப் புதிய பாதை வேண்டும் என்பது இம்மாவட்ட மக்களின் நெடுநாள் கோரிக்கை.