தோட்டத்தார் திரவியம் காத்த வரலாறு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில், மாவனெல்லையை அடைவதற்குச் சற்று முன்னே எழுந்து நிற்கும் உத்துவன்கந்த என்னும் மலை, கோப்பித் தோட்டங்களின் பணமும் சரக்கும் வண்டியேறிப் போன காலத்தில், அவ்வழியே பொருளோடு பிரயாணம் செய்த எவரையும் அஞ்சச் செய்ததாகும். சரதியேல் என்னும் கொள்ளைக்காரன் அதையே தன் கோட்டையாகக் கொண்டிருந்தான். 1864 மார்ச் 21ஆம் நாள் அவனைப் பிடிக்கப் போன இடத்தில் சபான் என்னும் பொலிஸ் கான்ஸ்டபிள் உயிர் துறந்தார். அவ்வாண்டு மே 7ஆம் நாள் சரதியேல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். மாவனெல்லையிலிருந்து தெற்கே ஏறும் பாதையில் அமைந்த அரநாயக்கவும் அதனைச் சூழ்ந்த சப்பிரகமுவத் தோட்டங்களும் தம் சம்பாத்தியத்தைக் காத்துக்கொண்ட வரலாற்றை எழுதப் புகுவோர் இக்கள்வனிடமிருந்து தொடங்குவது வழக்கமாயினும், தோட்டத்துத் தமிழ் ஜனங்களின் பொருளைக் கவர்ந்தவர்கள் மலையில் ஒளிந்திருந்தவர்களைக் காட்டிலும் கணக்குப் புத்தகத்தை வைத்திருந்தவர்களே என்பது என் துணிபு.

மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் கரையேறும்போதே கடனாளிகளாக இருந்தனர். வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம், அரிசிக்கும் கம்பளிக்கும் எழுதிய பற்று, ஊரில் விட்டுவந்த கடன் ஆகிய யாவும் பெரிய கங்காணியின் ஏட்டில் ஏறின. அவ்வேட்டை வாசிக்கத் தெரியாதவர்கள் அதில் எழுதியதற்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டின், இன்ன தொகை செலுத்தப்படுமானால் இன்ன கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த துண்டு வேண்டியிருந்தது. கடன் தீர்ந்தபாடில்லை, அது துரைக்குத் துரை கைமாறிற்று. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் அந்தத் துண்டை ஒழித்த பிறகுதான், தன் உழைப்பின் கணக்கு தனக்கே உரியது என்னும் எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமுண்டாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கெட்டையும் இங்கே சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அத்தகட்டில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும் குடையப்பட்டிருந்தன. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்து வந்தவனுடைய வழிச்செலவை அரசாங்கம் ஏற்றுத் தோட்டத்திடம் அறவிட, தோட்டம் அதைத் தொழிலாளியின் கணக்கில் எழுதியது. சுமந்தவன் அதற்கு உடைமையாளன் அல்லன். அவன் எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்பதையே அது பிறர்க்கு அறிவித்தது.

இத்தகைய நிலைமையில் மக்கள் தம் திரவியத்தை உடம்பிலேயே தரித்துக்கொண்டது வியப்பன்று. தோடும் மூக்குத்தியும் தாலியும் அவர்களுடைய வங்கிகள். மிஞ்சியது லயத்துக் காம்பிராவின் தகரப் பெட்டியில் கிடந்தது. ஸ்தாபனங்களை நம்பாதிருக்க அவர்களுக்கு நியாயமும் இருந்தது. கோப்பி இலைநோயால் அழிந்ததன் விளைவாக ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவை அடைத்தபோது, அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் தவித்தனர்; ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசாங்க உத்தரவாதம் அளித்தமையால் அந்நோட்டுகள் பிழைத்தன. மறு ஆண்டில் தபாலகச் சேமிப்பு வங்கி ஏற்பட்டது. பின்னாளில் அது தேசிய சேமிப்பு வங்கியோடு இணைந்தது. மக்கள் வங்கி 1960களில் அடகு பிடிக்கத் தொடங்கிற்று. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அடகுக்குப் போய்த் தீபாவளி முற்பணம் கிடைத்ததும் மீளும் நகையை அறியாத குடும்பம் தோட்டத்தில் அரிது. 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கங்களில் லயங்கள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டபோது, ஓடியவர்களுக்கு மிஞ்சியது மேனியில் இருந்ததே.

தோட்டத்திலிருந்து கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போன பிள்ளைகளிற் சிலர் இன்று பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அவற்றை வாங்கலாமா என்பது வேறு விசாரம். இலங்கை மத்திய வங்கி அவற்றை நாணயமாக ஏற்கவில்லை என்பதும் ஆபத்தைப் பன்முறை எச்சரித்திருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆயினும் வாங்கியவர் அதை எங்கே வைப்பது என்னும் வினா மேலே சொன்ன வரலாற்றின் தொடர்ச்சியே. நாணயத்தை எக்ஸ்சேஞ்ச் என்னும் வாங்கல்விற்றல் நிறுவனத்தில் விட்டுவைப்பது, ஏட்டைக் கங்காணியிடம் விட்டுவைப்பதை ஒக்கும். தோக்கியோவின் மவுண்ட் கொக்ஸ் என்னும் எக்ஸ்சேஞ்ச் 2014இல் முறிந்தபோது ஏறத்தாழ 850,000 பிட்காயின்கள் காணாமற் போனதாக அறிவித்தது. 2022இல் எஃப்டிஎக்ஸ் என்னும் எக்ஸ்சேஞ்சும் வீழ்ந்தது.

ஹாட்வெயார் வொலட் என்பது இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட உபாயம். விரல் நீளமுள்ள அச்சாதனத்துக்குள் நாணயம் இல்லை. நாணயத்தைச் செலவிட உரிமை தரும் ரகசியச் சாவியே அங்கே இருக்கிறது. கையொப்பம் உள்ளேயே இடப்படுவதால் சாவி கணினிக்கு வருவதில்லை. முதன்முறை அதை இயக்கும்போது சிறு திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றும் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பொறுக்கப்பட்ட அவையே சாவியின் மறுவடிவம்.

பிராக் நகரத்தார் 2014இல் வெளியிட்ட டிரெசர் என்னும் வொலட், தன் மென்பொருளை எவரும் சோதிக்கும்படி திறந்து வைத்தது. ஆனால் சாதனத்தையே கைப்பற்றிய ஒருவர் சில நிமிடங்களில் சொற்களைப் பிரித்தெடுக்கலாம் என்று 2020இல் கிராக்கன் என்னும் எக்ஸ்சேஞ்சின் ஆய்வாளர் காட்டினர். பிரெஞ்சு நாட்டு லெட்ஜர் என்னும் வொலட் தனிச் சில்லுக்குள் சாவியைப் பூட்டியது. அதன் உள்ளியக்கத்தைப் பிறர் முழுதும் காண இயலாது. 2020இல் அதன் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரிகள் கசிந்ததை நான் பெருங்குற்றமாகவே கருதுகிறேன். ஏனெனில் யார் வீட்டில் பொருள் இருக்கிறது என்று கள்வனுக்கு அறிவித்ததாயிற்று. 2023இல் வந்த டிரெசர் சேஃப் 3 திறந்த மென்பொருளையும் பாதுகாப்புச் சில்லையும் ஒருங்கே கொண்டது. கனடாவின் கோல்ட்கார்ட் கணினியோடு இணையாமலே, நினைவகச் சிற்றட்டை வழியாகக் கையொப்பமிட வல்லது. பிட்காயினை மட்டும் வைப்போர்க்கு அது சிறந்தது, கற்பதற்குச் சிரமமானது.

அரநாயக்கவில் இருந்து இவற்றை ஒப்பிடுகையில் மற்றொரு தராசு வேண்டும். 2016 மே 17ஆம் நாள் மாலையில், ஓயாத மழையால் சாமசர மலைச்சரிவு பெயர்ந்து, சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே என்னும் கிராமங்களின்மீது விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். வங்கிப் புத்தகம் புதைந்தவர்க்கு வேறு புத்தகம் கிடைக்கும், ஏனெனில் பதிவேடு வேறிடத்தில் இருந்தது. பெட்டியிலிருந்த தங்கத்துக்கோ பதிவேடு இல்லை. வொலட்டும் சொற்களெழுதிய காகிதமும் ஒரே அலுமாரியில் இருந்தால், எவ்வளவு உயர்ந்த சாதனமாயினும் அத்தங்கத்தின் கதியையே அடையும்.

ஆகவே இம்மலைநாட்டார்க்கு டிரெசரின் சில வகைகள் தரும் பகிர்வு முறையையே பரிந்துரைக்கிறேன். அடி ஷமீர் 1979இல் வகுத்த கணித முறையின்படி சாவி மூன்று சொற்றொகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. எவையேனும் இரண்டு சேர்ந்தால் சாவி மீளும், ஒன்று மட்டும் கள்வன் கைப்பட்டால் பயனில்லை. அவற்றை உருக்குத் தகட்டில் பொறித்து, ஒன்றை அரநாயக்க வீட்டிலும், ஒன்றை ஹட்டனிலுள்ள சகோதரியிடமும், ஒன்றைக் கொழும்பிலும் வைக்கலாம். சேமலாப நிதிக்கு உரிமையாளரை நியமிப்பது போல, தனக்குப் பின் எந்த இருவர் தகடுகளைச் சேர்க்க வேண்டும் என்பதையும் அவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.