பாலர் நாடக சபைகளில் தேர்வும் பயிற்சியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடக மேடையில் செல்வாக்குப் பெற்றிருந்தவை, வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் முன்கூட்டிய ஒத்திகையின்றி ஒரே மேடையில் கூடி நடித்த ‘ஸ்பெஷல் நாடகங்கள்’ ஆகும். அவற்றில் புகழ்பெற்ற நடிகர்கள் தம் விருப்பப்படி பாடியும் வாதிட்டும் கதையின் கட்டுக்கோப்பைக் குலைத்தமையால், ஆசிரியரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடிக்கக்கூடிய சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் எண்ணம் வலுப்பெற்றது. ‘பாய்ஸ் கம்பெனி’ என்று மக்கள் அழைத்த பாலர் நாடக சபைகள் இவ்வாறு பெருகின. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவற்றுள் தலையாயது.

இச்சபைகளில் சேர வந்த சிறுவனிடம் முதலில் எதிர்பார்க்கப்பட்டது குரல்வளமே. உரையாடலுக்கு நிகராகப் பாடல்கள் நிறைந்திருந்த அந்நாடகங்களில், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்ச சுருதியில் பாடுவது இன்றியமையாததாக இருந்தது. தேர்வு பெற்றவர்கள் சபையிலேயே உண்டு உறங்கி, ‘வாத்தியார்’ எனப்பட்ட நாடக ஆசிரியர் சொல்லச் சொல்லப் பாடத்தை மனனம் செய்து, ஆர்மோனியத்தோடு இசைந்து பாடவும் பழகினர். ஆண் தலைமை வேடமான ராஜபார்ட்டும், பெண் வேடமான ஸ்திரீபார்ட்டும், நகைச்சுவை வேடமான பபூனும் அவரவர் குரலுக்கும் தோற்றத்துக்கும் ஏற்ப ஒதுக்கப்பட்டன.

ஆறு வயதில் தம் தமையன்மாருடன் சுவாமிகளின் சபையில் சேர்ந்த தி. க. சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் நிலைத்துவிட்ட செய்தியாகும். மாணவனின் ஆற்றலை அளந்தறிந்து அதற்கேற்ற பாத்திரத்தை ஆசிரியரே படைத்தளித்த இந்நிகழ்வு, அக்காலப் பயிற்சியின் உயர்ந்த பண்பைக் காட்டுகிறது.

எனினும் சேர்க்கையோடு சோதனை முடிந்துவிடவில்லை. பருவ மாற்றத்தால் குரல் உடையும் ‘மகரக்கட்டு’ வந்தபோது, அதுவரை ஸ்திரீபார்ட்டில் புகழ்பெற்றிருந்த சிறுவனும் ஒரே பருவத்தில் தன் இடத்தை இழக்க நேர்ந்தது. குரலை மட்டும் நம்பியிருந்தவர்கள் பின்தங்க, உடல்மொழியிலும் வசனத்திலும் தேர்ந்தவர்கள் வேறு வேடங்களுக்கு மாறி நிலைத்தனர். வறுமையால் பிள்ளைகளைச் சபையில் சேர்த்த குடும்பங்களுக்கு இம்மாற்றம் பிழைப்பையே பாதிக்கும் இடராக இருந்தது என்பதையும், பள்ளிக் கல்விக்கு வாய்ப்பின்றியே அச்சிறுவர்கள் வளர்ந்தனர் என்பதையும் வரலாறு மறைத்தல் ஆகாது.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம். ஜி. ராமச்சந்திரனும் பி. யு. சின்னப்பாவும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் சபையில் பயின்ற சிவாஜி கணேசனும் பின்னர்த் திரையில் ஈட்டிய வெற்றி, இந்நெடும்பயிற்சியின் பயனே ஆகும். ஒரு நாள் தேர்வு சிறுவனின் குரலை மட்டுமே மதிப்பிட்டது. அவனை நடிகனாக்கியவை, அதன்பின் இரவுதோறும் மேடையில் அவன் எழுதிய தேர்வுகளே.